சஃபாரி வண்டியில ஒரு தாலுகா ஆபீஸ்காரி

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மகளை சஃபாரி ரைடுக்குக் கூட்டிட்டுப் போகணும். அன்னிக்கு எனக்கு இருந்த வேலை அது ஒண்ணுதான்.

குற்றாலம் போற ரோட்டுல இருந்து உள்ள திரும்பினா புதுசா ஒரு தீம் பார்க் வந்திருக்கு. பேரு வேண்டாம். நான் பண்ணுன கூத்துக்கு அவுக பேரு எதுக்குக் கெடணும்? அங்க பொழுது சாஞ்சதும் கலர் லைட் எல்லாம் போட்டு, மேல கூரை இல்லாத நீள ஜீப்புல ஏத்தி, மூங்கில் காட்டுக்குள்ள ஒரு சுத்து சுத்திக் காட்டுதாங்க. உள்ள இருக்குற யானை, புலி, கரடி எல்லாம் மோட்டார்ல ஆடுற பொம்மை.

டிக்கெட் வாங்கணும், ஏறணும், பாக்கணும், எறங்கணும். இதைக் கூட ஒரு மனுசியால ஒழுங்கா செய்ய முடியாதான்னு கேப்பீங்க. முடியலையே.

மொதல்ல என்னையப் பத்திச் சொல்லிருதேன். நான் போலீஸ். ஏட்டம்மா. சீசன் வந்துட்டா மெயின் அருவில பொம்பளைங்க குளிக்கிற பக்கம் எனக்குத்தான் பந்தோபஸ்து. நீங்க குற்றாலத்துக்கு வந்து, அடிச்சுப் பிடிச்சு உள்ள போயி, தலையைத் தண்ணிக்குக் குடுத்து, ஆகான்னு கண்ணை மூடுற நேரமாப் பாத்து ஒருத்தி விசிலை ஊதி, "குளிச்சது போதும், நகரு, பின்னால ஆள் நிக்குல்லா"ன்னு கத்தியிருப்பா. அது நான்தான். மன்னிச்சுக்கோங்க.

வீட்டுக்காரர் பட்டாளத்துல, ராஜஸ்தான் பக்கம் இருக்காரு. தென்காசி வீட்டுல நானும் எம் மவ யாழினியும் மட்டும்தான். அஞ்சாம் கிளாஸ் படிக்கா.

போன வருஷம் அவ பொறந்தநாளுக்கு பழைய ஸ்கூல் பிள்ளைங்க பதினோரு பேர் வீட்டுக்கு வந்துச்சு. கேக்கை வெட்டினதும் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து வருது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எல்லாம் லைன்ல நில்லு. ஒரு ஆளுக்கு ஒரு துண்டு. வாங்கினவுக அந்தப் பக்கமா வெளிய போ"ன்னுட்டேன்.

பிள்ளைங்க லைன்ல நின்னுச்சு. கேக்கை வாங்கிச்சு. சொன்ன பக்கமா வெளிய போச்சு. அப்படியே அவங்கவங்க வீட்டுக்கும் போயிருச்சு.

அதுக்கப்புறம் ஒரு வீட்டுல இருந்தும் எம் மவளைக் கூப்பிடல.

இந்த வருஷம் ஸ்கூல் மாத்துனோம். புது ஸ்கூல்ல ரிஸ்வானான்னு ஒரு பிள்ளை சேக்காளியாச்சு. கிடைச்ச அந்த ஒரு சேக்காளியை மவ கண்ணாடிச் சாமான் மாதிரி பாத்துப் பாத்து வச்சிருந்தா. அந்தப் பிள்ளையோட அம்மா சபீனாதான் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை சஃபாரிக்குப் போறோம்க்கா, நீங்களும் யாழினியைக் கூட்டிக்கிட்டு வாங்க"ன்னு கூப்பிட்டது.

அதுக்கு அடுத்து வர்ற வெள்ளிக்கிழமை ரிஸ்வானாவுக்குப் பொறந்தநாள். அதுக்கு இவளைக் கூப்பிடுவாங்களா மாட்டாங்களாங்கிறதுதான் எம் மவளுக்கு உசுர்ப் பிரச்சனை. சஃபாரில நான் நடந்துக்கிடுறதைப் பொறுத்துத்தான் எல்லாம்னு அவ முடிவே பண்ணிட்டா.

கெளம்புறதுக்கு முன்னால என்னையக் கட்டில்ல உக்கார வச்சு விசாரணை நடத்துனா.

"அம்மா, நீ போலீஸ்னு அங்க சொல்லக் கூடாது."

"சரி."

"யாரையும் லைன்ல நிக்கச் சொல்லக் கூடாது."

"சரி."

"யாரையும் ஏலேன்னு கூப்பிடக் கூடாது."

இதுக்குக் கொஞ்சம் யோசிச்சேன். சரின்னேன்.

"கேட்டா என்ன வேலைன்னு சொல்லட்டும்?"

"தாலுகா ஆபீஸ்னு சொல்லி வச்சிருக்கேன்."

"ஏட்டி, தாலுகா ஆபீஸைப் பத்தி எனக்கு என்னட்டி தெரியும்?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போற? யாரு கேக்கப் போறா?"

கேட்டாங்க. அதுக்கு அப்புறம் வாரேன்.

பார்க் வாசல்ல வண்டி நிறுத்துற இடத்துலயே சோதனை ஆரம்பிச்சுருச்சு. ஒருத்தன் புல்லட்டைக் குறுக்க போட்டுட்டு, அதுல சாஞ்சுக்கிட்டு செல்ஃபி எடுக்கான். பின்னால எட்டு வண்டி நிக்கி. வேற நாளா இருந்தா சாவி என் கைல இருந்திருக்கும், அவன் என் பின்னால ஓடி வந்திருப்பான்.

மவ என் முழங்கைல கிள்ளினா.

"தம்பி, உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா வண்டியைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடலாமா?"ன்னு கேட்டேன். பதினஞ்சு வருஷ சர்வீஸ்ல இந்த வார்த்தைகளை நான் இந்த வரிசைல சொன்னதே கிடையாது.

அவன் திரும்பிக் கூடப் பாக்கல. "வெயிட் பண்ணுங்கக்கா"ன்னான்.

வெயிட் பண்ணினேன். காது ரெண்டும் சூடாயிருச்சு, ஆனா வெயிட் பண்ணினேன்.

உள்ள போனா சபீனா நிக்கா. நல்ல பொம்பளை, சிரிச்ச முகம். வீட்டுக்காரர் துபாய்ல. ஒரு கைல ரிஸ்வானா, இடுப்புல மூணு வயசுப் பையன் ரியாஸு. பையன்னு சொன்னேனே ஒழிய அது ஒரு எடத்துல நிக்கிற ஜென்மம் இல்ல. எறக்கி விட்டதும் ஐஸ்கிரீம் கடைக்குள்ள ஓடுனான், அங்கன இருந்து டிக்கெட் கவுன்டருக்குள்ள ஓடுனான், பிடிச்சுத் தூக்குனா அவ முக்காட்டை இழுத்தான்.

"எக்கா, நீங்க தாலுகா ஆபீஸாமே"ன்னா சபீனா, க்யூவுல நிக்கும்போது.

"ஆமா" என்னேன். மவ என் கையைப் பிடிச்சிருந்தா.

"எங்க வீட்டு மனைப் பட்டா இன்னும் மாமனார் பேருலதான் கெடக்கு. அவுக மவுத்தாகி ரெண்டு வருஷம் ஆச்சு. பேரு மாத்தணும்க்கா."

நானும் நாலு பேர் பேசக் கேட்டிருக்கேன்லா. தைரியமா ஆரம்பிச்சேன். "வாரிசு சர்டிபிகேட் வாங்கிட்டீங்களா?"

"வாங்கியாச்சு."

"இறப்பு சர்டிபிகேட்?"

"இருக்கு."

"மூலப் பத்திரம்?"

"இருக்கு."

"ஆதார்?"

"எல்லாம் கைலயே இருக்குக்கா"ன்னு சொல்லி, ஹேண்ட்பேக்ல இருந்து பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து என் கைல வச்சுட்டா. தீம் பார்க்குக்கு பட்டா ஃபைலோட வந்திருக்கா, மக்களே. என் பிள்ளை சேக்காளி கிடைச்ச சந்தோஷத்துல வந்தா, அவ தாலுகா ஆபீஸ்காரி கிடைச்ச சந்தோஷத்துல வந்திருக்கா.

ஃபைலைத் திறந்து ஒவ்வொரு பேப்பரா பாத்தேன். ஒரு இடத்துல "ம்ம்" என்னேன். இன்னொரு இடத்துல நெத்தியைச் சுருக்கினேன். கடைசிப் பக்கத்தை லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சேன். எதுக்குன்னு எனக்கே தெரியாது.

"புதன்கிழமை பாப்போம்" என்னேன்.

"அல்லா உங்களை நல்லா வைக்கணும்க்கா"ன்னா. ஃபைலை மூடி அவ கைலயே திருப்பி வச்சேன்.

இதை முடிச்சு நிமிந்தா, எனக்குப் பின்னால நிக்கிற ஒரு அம்மா என்னையவே உத்துப் பாக்கா. அம்பது அம்பத்தஞ்சு வயசு இருக்கும். கழுத்து நெறைய நகை. தலைல கனகாம்பரம்.

"உன்னைய எங்கனயோ பாத்திருக்கேனே" என்னா.

"இருக்காதும்மா."

"இல்ல, பாத்திருக்கேன். எனக்கு ஆள் மறக்காது. ஏ, நீ மெயின் அருவில நிப்பியே, விசிலு..."

சபீனா திரும்பிட்டா. ரிஸ்வானா திரும்பிட்டா. மவ என் கையை விட்டுட்டா.

"அது என் தங்கச்சி" என்னேன்.

"உங்க தங்கச்சி போலீஸாக்கா? சொல்லவே இல்லையே"ன்னா சபீனா.

"நாங்க பேசிக்கிறதில்ல" என்னேன். ஒரு பொய்யைச் சொன்னா அதுக்குச் சோறு போட இன்னொரு பொய் வேண்டியிருக்கு.

அந்தம்மா பக்கத்துல வந்துட்டா. "எனக்கு ஊரு சிவகிரி. போன சீசன்ல ரெண்டு பஸ் மாறி குளிக்க வந்தேன். என் தலை நனைஞ்சுச்சா நனையலையான்னு எனக்கே தெரியாது. அதுக்குள்ள உன் தங்கச்சி விசிலை ஊதி வெளிய தள்ளிட்டா."

"அப்படியா?"

"கைல வச்சிருந்த ஷாம்பு பாக்கெட்டையும் பிடுங்கிட்டா."

அருவில ஷாம்பு போடக் கூடாதுன்னு ஆள் உசரத்துக்கு போர்டு வச்சிருக்கு. சொல்ல முடியுமா? முழுங்கினேன்.

"பாவி. அவளுக்கு நல்ல கெதி வருமா? நீயே சொல்லு."

"வராதும்மா."

"அவ வாயி ஒரு வாயா?"

"வாய் கொஞ்சம் ஜாஸ்திதான்."

"ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்கதான். நீ எப்படித் தன்மையா பேசுத. அவளுக்கு உன்னைய மாதிரி லட்சணமும் கெடையாது."

"அப்படியாம்மா?" என்னேன். அந்த ஒரு நிமிஷம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

வண்டி வந்துருச்சு. ஒரு வரிசைக்கு நாலு பேர். மவளும் ரிஸ்வானாவும் ஓரத்துல, படிக்குப் பக்கத்துல. அடுத்து நான். எனக்கு இந்தப் பக்கம் யாரு உக்காருவா? சிவகிரியம்மாதான். சபீனா ரியாஸைத் தூக்கிக்கிட்டு முன் சீட்டுல உக்காந்துட்டா.

இங்கதான் நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். வண்டி கெளம்புறதுக்கு முன்னால கைடு மைக்கைப் பிடிச்சு ரெண்டு நிமிஷம் என்னமோ சொன்னாரு. கையை வெளிய நீட்டாதீங்க, பெல்ட்டைப் போடுங்கங்கிறது மட்டும்தான் என் காதுல விழுந்துச்சு. மிச்சத்தை சிவகிரியம்மா கேக்க விடல. என் தங்கச்சி அவ நாத்தனாரை என்ன சொன்னா, நாத்தனார் மவளை என்ன சொன்னான்னு ஒண்ணொண்ணா சொல்லிக்கிட்டு வாரா. நான் "தப்புத்தான், தப்புத்தான்"னு தலையாட்டிக்கிட்டு இருக்கேன்.

வண்டி மூங்கிலுக்குள்ள நுழைஞ்சுது. நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. பச்சை லைட்டு, பனி மாதிரி புகை. புலி ஒண்ணு தலையைத் திருப்பி உறுமுச்சு. கரடி எந்திரிச்சு நின்னு கையை ஆட்டுச்சு. பிள்ளைங்க ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கட்டிப் பிடிச்சுக்கிட்டு கெக்கேன்னு சிரிக்குதுங்க. ரியாஸு மட்டும் பெல்ட்டுக்குள்ள இருந்து நழுவி சீட்டு மேல ஏறி நின்னு, கைடு மேல பாப்கார்னை எறியுதான். ஒரு அதட்டுப் போட்டா உக்காந்துருவான். போடல. பல்லைக் கடிச்சுக்கிட்டு மயிலைப் பாத்தேன்.

அப்ப யாழினி ரிஸ்வானா காதுல என்னமோ சொல்லிட்டு, என்னையத் திரும்பிப் பாத்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டுனா. முகம் பூரா சிரிப்பு. எம் மவளை இப்படிப் பாத்து ஒரு வருஷம் ஆச்சு. மனசு அப்படியே நெறஞ்சுபோச்சு. இன்னும் பத்து நிமிஷம்தான், வாயைத் திறக்காம இருந்துட்டா பாஸாயிரலாம்னு நெனைச்சேன்.

டப்புன்னு லைட் எல்லாம் அணைஞ்சுது. வண்டி நின்னுச்சு.

மூங்கிலுக்குள்ள இருந்து ரெண்டு பேர் குதிச்சாங்க. முண்டாசு, பெரிய மீசை, கைல நாட்டுத் துப்பாக்கி. "எவனாவது அசைஞ்சா சுட்டுப் பொசுக்கிருவேன்"னு ஒருத்தன் கத்திக்கிட்டே படில காலை வச்சு ஏறுதான். நேரா எம் மவ இருக்குற பக்கமா கையை நீட்டுதான்.

அதுக்கப்புறம் நடந்ததுக்கு நான் பொறுப்பு இல்ல. என் கைதான் பொறுப்பு.

துப்பாக்கியைத் தட்டி விட்டு, மணிக்கட்டைப் பிடிச்சு முறுக்கி, ஆளை உள்ள இழுத்து, சீட்டுக்கு நடுவுல குப்புறப் போட்டு, முதுகுல முழங்காலை வச்சு, துப்பட்டாவால ரெண்டு கையையும் பின்னால கட்டிட்டேன். ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்தது. இத்தனை வருஷத்துல ஒரு நிஜத் திருடன்கிட்ட கூட இவ்வளவு சுத்தமா எனக்கு வந்ததில்ல.

"எவனும் எந்திரிக்கக் கூடாது"ன்னு ஒரு சத்தம் போட்டேன். அதோட நிறுத்தியிருக்கலாம். வாய் அது பாட்டுக்கு பழக்கத்துல ஓடுது. "லேடீஸ் எல்லாம் இந்தப் பக்கம், ஜென்ட்ஸ் அந்தப் பக்கம். தள்ளாத. பிள்ளைகளைத் தூக்கிக்கோ. நகரு, நகரு."

வண்டில இருந்த அத்தனை பேரும் இருட்டுல எந்திரிச்சு, லேடீஸ் இந்தப் பக்கம், ஜென்ட்ஸ் அந்தப் பக்கம் மாறி உக்காந்துட்டாங்க. கைடும் ஜென்ட்ஸ் பக்கம் போயி உக்காந்துட்டாரு.

ரெண்டாவது ஆள் இதைப் பாத்தான். துப்பாக்கியை அங்கனயே போட்டுட்டு மூங்கிலுக்குள்ள ஓடியே போயிட்டான்.

"யக்கா, யக்கா, விடுங்கக்கா"ங்கிறான் கீழ கெடக்குறவன். "நான் நடிக்க வந்தவன்க்கா. ஊரு செங்கோட்டை. பேரு முருகேசன்."

"பிடிபட்டா எல்லாவனும் இதைத்தாம்லே சொல்லுவான். யாருக்கெல்லாம் இதுல பங்கு? ஓடுனவன் பேரு என்னலே?"

"அவன் பேரு சுடலைக்கா. அவனும் இங்கதான் வேலை பாக்கான்."

"மேடம், இது ஷோ"ன்னு கைடு மைக்ல அழுதாரு. "ஏறும்போதே சொன்னேனே மேடம். தந்தத் திருடங்க வருவாங்க, யானை வந்து விரட்டும், யாரும் பயப்படாதீங்கன்னு சொன்னேனே."

கைல என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கேன்னு பாத்தேன். முருகேசனோட மீசை.

சரியா அந்த நேரத்துக்கு யானை வந்துச்சு. அதுக்கு என்ன தெரியும், மோட்டார் சொன்ன நேரத்துக்கு வந்துச்சு. லைட் எரிஞ்சுது, மூங்கிலை விலக்கிக்கிட்டு வந்து, காதை ஆட்டி, பிளிறி, தும்பிக்கையைத் தூக்கித் தண்ணியைப் பீய்ச்சி அடிச்சுது. விரட்ட வேண்டிய திருடன் என் முழங்காலுக்குக் கீழ கெடக்கான். அதனால தண்ணி பூரா என் தலைல. மூணு மாசம் அருவிக்குப் பக்கத்துல நின்னும் ஒரு நாள் ஒழுங்கா குளிச்சதில்ல. அன்னிக்கு நல்லாக் குளிச்சேன்.

மவளைப் பாத்தேன். அவ யானையைப் பாக்கல. என்னையவும் பாக்கல. மடில கிடந்த கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா.

வண்டியை நேரா ஆபீஸ் வாசலுக்குக் கொண்டு போயிட்டாங்க. மேனேஜர் அண்ணாச்சி மேஜைக்கு அந்தப் பக்கம், நான் சொட்டச் சொட்ட இந்தப் பக்கம். முருகேசன் ஓரமா உக்காந்து மணிக்கட்டுக்கு ஐஸ் வச்சுக்கிட்டு இருக்கான். சபீனா பிள்ளைகளோட வந்துட்டா. சிவகிரியம்மாவைக் கூப்பிடவே இல்ல, அவளும் வந்து நல்ல நாற்காலியாப் பாத்து உக்காந்துட்டா.

"என்னம்மா இது? ஆள் கையை ஒடிக்கப் பாத்திருக்கீங்க. நீங்க என்ன வேலை பாக்கீங்க?"ன்னு மேனேஜர் கேட்டாரு.

மவளைப் பாத்தேன். அவ தரையைப் பாத்தா.

"அவுக தாலுகா ஆபீஸ்"ன்னா சபீனா, பாவம், எனக்கு உதவி பண்ணுறதா நெனைச்சு.

மேனேஜர் என்னையும் முருகேசனையும் மாறி மாறிப் பாத்தாரு. "தாலுகா ஆபீஸ்ல ஆளைக் குப்புறப் போட்டுக் கட்டவா சொல்லித் தாராங்க?"

"இவ தங்கச்சி போலீசு. வீட்டுல பாத்துப் பழகியிருப்பா"ன்னா சிவகிரியம்மா.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் போலீஸைக் கூப்பிடுதேன்"ன்னு சொல்லி அண்ணாச்சி போனை எடுத்துட்டாரு.

கூப்பிட்டா யாரு வருவா? எங்க ஸ்டேஷன்தான் வரும். எங்க இன்ஸ்பெக்டர் வந்து, சொட்டச் சொட்ட, கைல ஒட்டு மீசையோட நிக்கிற என்னையப் பாத்தாருன்னா நான் எங்கன போய் முட்டிக்கிடுறது? ஆனா நிஜத்தைச் சொன்னா எம் மவ கதி? கொடுத்த வாக்கு எல்லாத்தையும் உடைச்சாச்சு, மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான். ஒட்டு மீசையைக் கைக்குள்ள மறைச்சுக்கிட்டேன்.

"கூப்பிட வேண்டாம் அங்கிள்"னு ஒரு சத்தம். யாழினி. "போலீஸ் இங்கதான் நிக்கி. எங்க அம்மாதான்."

எம் மவ ரிஸ்வானா முகத்தைப் பாக்காம சுவரைப் பாத்து நின்னா. எனக்கு அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிடணும்போல இருந்துச்சு.

மொதல்ல வாயைத் திறந்தது சபீனா. "அப்ப பட்டாக்கா?"

"நமக்குத் தெரிஞ்ச ஆள் அங்க இருக்கு, கேட்டுச் சொல்லுதேன்" என்னேன். வேற என்ன சொல்ல?

சிவகிரியம்மா நாற்காலியை இழுத்துக்கிட்டு முன்னால வந்தா. "அப்ப தங்கச்சி?"

"தங்கச்சியே கெடையாதும்மா."

"அப்ப நான் இவ்வளவு நேரம் திட்டுனது?"

"என்னையத்தான்."

வெக்கப்படுவான்னு பாத்தேன். "நல்லதாப் போச்சு. ஒண்ணு ரெண்டு விட்டுப்போச்சு, அதையும் நேராவே சொல்லிருதேன்"னு ஆரம்பிச்சுட்டா.

மேனேஜர் அண்ணாச்சி போனைக் கீழ வச்சுட்டாரு. குரல் எறங்கிருச்சு, டீ வந்துச்சு. "முதலாளி கேப்பாரு மேடம், வருத்தம் தெரிவிச்சு நாலு வரி எழுதிக் குடுத்துருங்க"ன்னு பேப்பரை நீட்டுனாரு.

எழுதினேன். மனசார வருத்தப்பட்டுத்தான் எழுதினேன். அண்ணாச்சி அதை வாங்கிச் சத்தமா வாசிச்சாரு.

"இன்று மாலை மேற்படி வாகனத்தில் நான் என் மகளுடன் அமர்ந்திருந்த சமயம், அடையாளம் தெரியாத ஆண் நபர் ஒருவர் நாட்டுத் துப்பாக்கி போன்ற பொருளுடன் அத்துமீறி ஏற முயன்றதைக் கண்டு, மேற்படி நபரை மடக்கிப் பிடித்து விசாரித்ததில், தன் பெயர் முருகேசன் என்றும், மேற்படி பூங்காவில் திருடனாக வேலை பார்த்து வருவதாகவும் தாமாகவே முன்வந்து ஒப்புக்கொண்டார்."

வாசிச்சுட்டு நிமிந்தாரு. "இதுல வருத்தம் எங்கன இருக்கு மேடம்?"

"யக்கா, இதுல என் மேல கேஸ் வருமா?"ன்னு முருகேசன் கேட்டான்.

அந்தப் பேப்பரைக் கிழிச்சுட்டு, அவன்கிட்ட நேராவே போயி மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா. தெனமும் நாலு ஷோ போடுதேன். பிள்ளைங்க கூட என்னையப் பாத்துச் சிரிக்கும். இன்னிக்குத்தான் வண்டில எல்லாரும் நெசமாவே பயந்தாங்க"ன்னான். என்னையப் பாத்துத்தான் பயந்தாங்கன்னு அவனுக்கு நான் சொல்லல.

வெளிய வரும்போது ரியாஸு சபீனா கையைப் பிடிச்சுக்கிட்டு ஒழுங்கா நடந்து வாரான். ஒரு கைல பிஸ்கட். என்னைய ஒரு தடவை பாக்கான், ஒரு கடி கடிக்கான். திரும்பிப் பாக்கான், இன்னொரு கடி. சபீனா அவனையே பாத்துக்கிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தையும் பேசாம ஆட்டோ ஏறிப் போயிட்டா. ரிஸ்வானா கையைக் கூட ஆட்டல.

ஸ்கூட்டர்ல மவ பின்னால உக்காந்திருந்தா. எப்பவும் இடுப்பைக் கட்டிப் பிடிப்பா. அன்னிக்குப் பின்னால இருக்குற கம்பியைப் பிடிச்சுக்கிட்டா.

"பசிக்குதாட்டி? பரோட்டா வாங்கிக்குவமா?"

"பேசாத ம்மா."

ஆயிரக்கணக்கான பேரை அருவில இருந்து வெரட்டியிருக்கேன். ஒரு நாளும் உறுத்துனதில்ல. எம் மவளுக்கு இருந்த ஒரே ஒரு சேக்காளியையும் நானே வெரட்டிட்டேனேன்னு நெனைச்சப்ப கண்ணு நெறஞ்சிருச்சு. நல்லவேளை, தலை நனைஞ்சிருந்துச்சு. கண்ணைத் துடைச்சாலும் யாருக்கும் தெரியாது.

மறுநாள் அவ முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டே ஸ்கூல் வேன் ஏறுனா. சாயங்காலம் நான் டூட்டி முடிஞ்சு வந்து செருப்பைக் கழட்டல, போன் அடிக்கி. சபீனா.

"சபீனா, நேத்து நடந்ததுக்கு..."

"அதை விடுங்கக்கா. எங்க ரியாஸு ராத்திரி மூணு இட்லி சாப்பிட்டான்."

"சரி" என்னேன்.

"உங்களுக்குத் தெரியாதுக்கா. பொறந்ததுல இருந்து அவன் ஒரு இட்லியை முழுசாத் தின்னதில்ல. தட்டைத் தூக்கிக்கிட்டு நான் தெருத் தெருவா ஓடுவேன். நேத்து யாழினி அம்மா வருதாங்கன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். கடகடன்னு முழுங்கிட்டான். காலைல பால் குடிச்சான். நகம் வெட்ட விட்டான்."

"பிள்ளையை அப்படிப் பயமுறுத்தக் கூடாது சபீனா."

"எங்கக்கா பயந்தான்? உங்களை மாதிரியே விளையாடுதேன்னு பக்கத்து வீட்டுப் பையனைக் குப்புறப் போட்டுக் கட்டிட்டான், அவங்க சண்டைக்கு வந்துட்டாங்க. வெள்ளிக்கிழமை பொறந்தநாளுக்கு நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் வரணும். எங்க நாத்தனார் பிள்ளைங்க நாலு வருது. ஒண்ணும் சோறு திங்காது. நீங்க யூனிஃபார்ம்ல வந்தா நல்லா இருக்கும்."

"யூனிஃபார்மை அதுக்கெல்லாம் போட முடியாது."

"பரவாயில்லக்கா"ன்னா சபீனா. "உங்க மூஞ்சியே போதும்."

போனை வச்சுட்டுத் திரும்பினா மவ வாசல்ல நிக்கா. ஸ்கூல்ல ரிஸ்வானா கிளாஸ் பூரா திருடன் கதையையும் தம்பி இட்லி தின்ன கதையையும் சொல்லிட்டாளாம். கூடப் படிக்கிற ஜெயஸ்ரீ வீட்டுல ஞாயித்துக்கிழமை கூப்பிட்டிருக்காங்களாம். அடுத்த வாரம் இன்னொரு வீடாம். எல்லா வீட்டுலயும் அம்மாவையும் கட்டாயம் கூட்டிட்டு வரணுமாம். சொல்லச் சொல்ல அவளுக்கு மூச்சு வாங்குது. பையைக் கூட எறக்கல, பீரோவைத் திறந்து எந்தப் பாவாடைன்னு தேட ஆரம்பிச்சுட்டா.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. இந்த மூஞ்சியால எம் மவளுக்கு ஒரு நல்லது நடந்துருச்சேன்னு வாயெல்லாம் பல்லா நின்னேன்.

யாழினி திரும்பி என்னைய ஒரு பார்வை பாத்தா. "அம்மா, அங்கன வந்து இப்படிச் சிரிச்சுக்கிட்டு நிக்காத. உன் பழைய மூஞ்சியை நம்பித்தானே கூப்பிடுதாங்க."